நாட்பட்ட சிறுநீரக நோய்: இயல்பு, விளைவு, சிகிச்சை
(பாலக்காடு, இடுக்கி எல்லைப்புற ஊர்களில் பணிபுரிவோருக்கு)

நோய்களுட் பல வந்த அன்றே தம் வரவை அறிவித்து விடுகின்றன. காய்ச்சல் உடலைச் சுடுகிறது. பல்வலி உறக்கத்தைக் கெடுக்கிறது. வயிற்றுப்போக்கு ஆளைப் படுக்கையில் வீழ்த்துகிறது. நாட்பட்ட சிறுநீரக நோய் அத்தகையதன்று. ஒருவருடைய சிறுநீரகங்களின் ஆற்றலில் பாதி குறைந்த பின்னும் அவர் வழக்கம்போல் வயலுக்குச் செல்வார், கொழுந்து பறிப்பார், வலியென்று எதுவும் கூறமாட்டார். கால் வீங்கி, மூச்சு வாங்கி, உணவு செல்லாது மருத்துவமனையை அடையும் நாளில் எஞ்சியிருப்பது பத்தில் ஒரு பங்காகவும் இருக்கலாம். அந்நிலையில் இழந்ததை மீட்க மருத்துவ இயலில் வழியில்லை. ஆனால், சில ஆண்டுகளுக்கு முன்னரே கண்டிருந்தால் நோயின் வேகத்தைப் பெரிதும் குறைத்திருக்கலாம். கண்டறிவதற்கு வேண்டிய கருவிகளோ மிக எளியவை. ஆகவே இந்நோயைப் பொறுத்தவரை, பெரிய மருத்துவமனையில் அமர்ந்திருக்கும் நிபுணரைக் காட்டிலும் ஊரில் நடமாடும் சுகாதாரப் பணியாளரும் பள்ளி ஆசிரியரும் முன்னதாகவே நோயாளியைச் சந்திக்கின்றனர் என்பதை மனத்திற் கொள்ள வேண்டும்.

சிறுநீரகத்தின் வேலை

விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியில், முதுகெலும்பின் இருபுறமும், அவரை விதை வடிவில் இரு சிறுநீரகங்கள் அமைந்துள்ளன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமும், 150 கிராம் எடையும் உடையது. இத்துணைச் சிறிய உறுப்புகளின் வழியே நிமிடந்தோறும் ஒரு லிட்டருக்கு மேற்பட்ட இரத்தம் பாய்கிறது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நெப்ரான்கள் உள்ளன. நெப்ரானின் தலைப்பகுதியில் நுண்ணிய இரத்தக் குழாய்களாலாகிய முடிச்சு ஒன்று உண்டு. அது சல்லடைபோற் செயற்படுகிறது. இரத்த அணுக்களையும் புரதத்தையும் தடுத்து, நீரையும் சிறு பொருள்களையும் வெளியே விடுகிறது. இவ்வாறு நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீர் வடிகட்டப்படுகிறது. அதனைத் தொடர்ந்துள்ள நுண்குழாய், உடலுக்குத் தேவையான நீர், உப்புகள், சர்க்கரை ஆகியவற்றைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. எஞ்சிய ஒன்றரை லிட்டர் அளவே கழிவுகளுடன் சிறுநீராக வெளியேறுகிறது.

கழிவகற்றல் ஒன்றே சிறுநீரகத்தின் வேலை எனக் கருதுவது பிழை. உடலின் நீர், சோடியம், பொட்டாசியம், அமிலம் ஆகியவற்றின் அளவை நிலைநிறுத்துவதும், இரத்த அழுத்தத்தை ஒழுங்கு செய்வதும், இரத்தச் சிவப்பணுக்கள் உண்டாகத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் என்னும் பொருளைச் சுரப்பதும், வைட்டமின் டி-யைச் செயல்படும் நிலைக்கு மாற்றி எலும்பைக் காப்பதும் அதன் பணிகளே. இந்நோயின் விளைவுகள் உடலின் பல உறுப்புகளில் ஏன் தோன்றுகின்றன என்பது இதனால் விளங்கும்.

நோய் மறைந்திருப்பது ஏன்?

சிறுநீரகம் பழுதுற்றதற்கான அடையாளமோ, வடிகட்டும் ஆற்றல் நிமிடத்திற்கு 60 மில்லிலிட்டருக்குக் குறைந்த நிலையோ மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அதனை நாட்பட்ட சிறுநீரக நோய் என்பர். நலமுள்ள இளைஞரிடம் இவ்வாற்றல் 100 முதல் 120 வரை இருக்கும். 15-க்குக் கீழ் இறங்கினால் அது ஐந்தாம் நிலை, அதாவது இறுதி நிலை.

நெப்ரான்களிற் சில அழிந்தால் எஞ்சியவை அவற்றின் வேலையையும் ஏற்றுக்கொள்கின்றன. இதனால் நோய் வெளியே தெரிவதில்லை. ஆனால் மிகுந்த அழுத்தத்தில் இடைவிடாது உழைக்கும் அந்த நெப்ரான்களும் காலப்போக்கில் தழும்பேறி அழிகின்றன. பத்துப் பேர் சுமக்க வேண்டிய சுமையை ஐவர் சுமந்தால் அந்த ஐவரும் விரைவிற் சோர்வதைப் போன்றதே இது. முதலில் நோயைத் தொடங்கி வைத்த காரணம் நீங்கிய பின்னும் நோய் தானே வளர்வதற்கு இதுவே காரணம்.

இரத்தத்திலுள்ள கிரியாட்டினின் என்னும் கழிவைக் கொண்டு சிறுநீரகத்தின் ஆற்றலை மதிப்பிடுகின்றனர். மக்கள் வழக்கில் 'உப்பு கூடியிருக்கிறது' என்று கூறுவது பெரும்பாலும் இதனையே. தசைகளில் நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவு கிரியாட்டினின் உண்டாகிறது. உண்டாகும் அளவும் வெளியேறும் அளவும் சமமாக வேண்டுமாதலின், வடிகட்டும் ஆற்றல் பாதியானால் இரத்தத்தில் அதன் செறிவு இருமடங்காகிறது. 0.8 மில்லிகிராம் உடைய ஒருவர் ஆற்றலில் பாதியை இழக்கும்போது அது 1.6 ஆகிறது. மேலும் பாதியை இழந்தால் 3.2, அதிலும் பாதி போனால் 6.4. இக்கணக்கை ஆசிரியர்கள் கரும்பலகையில் வரைபடமாக வரைந்து காட்டலாம். தொடக்கத்தில் கோடு மெல்ல உயர்ந்து, இறுதியிற் செங்குத்தாக ஏறும். 0.8-லிருந்து 1.6 ஆனது சிறு மாற்றம் என்று எண்ணிப் புறக்கணிப்போர் உளர். உண்மையில் மிகப் பெரிய இழப்பு அங்கேதான் நிகழ்ந்துள்ளது.

வேறொன்றும் கவனிக்கத்தக்கது. தசை குறைந்தவரிடம் கிரியாட்டினின் குறைவாகவே உண்டாகும். எனவே 1.2 மில்லிகிராம் என்னும் ஒரே எண், முப்பது வயது ஆணுக்கு ஏறக்குறைய 83 என்ற ஆற்றலையும், அறுபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு ஏறக்குறைய 50 என்ற ஆற்றலையும் குறிக்கும். முன்னவர் நலமுடையவராயிருக்கலாம், பின்னவர் நோயாளி என ஐயுறத்தக்கவர். ஆகையால் வயதையும் பாலையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆற்றல் எண்ணையே பார்க்க வேண்டும்.

காரணங்கள்

இந்தியாவில் இந்நோய்க்கு முதன்மையான காரணம் நீரிழிவு. அடுத்தது உயர் இரத்த அழுத்தம். நீரிழிவில் சல்லடை முதலிற் கெட்டு, அல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் கசியத் தொடங்குகிறது. இரத்த அழுத்தம் ஒரே வேளையில் நோயின் காரணமாகவும் அதன் விளைவாகவும் இருப்பதால், நச்சுச் சுழலொன்று உண்டாகிறது. இவையன்றி, சல்லடைகளின் அழற்சி, சிறுநீர்ப் பாதையில் கல்லோ வீங்கிய புராஸ்டேட் சுரப்பியோ உண்டாக்கும் அடைப்பு, மரபுவழி வரும் நீர்க்கட்டி நோய், மீண்டும் மீண்டும் வரும் தொற்று ஆகியவையும் காரணங்களாகும். எலிக்காய்ச்சல், விரியன் பாம்புக்கடி முதலியவற்றால் திடீரெனச் செயலிழந்து தேறிய சிறுநீரகமும் பிற்காலத்தில் நாட்பட்ட நோய்க்கு ஆளாகக்கூடும். அத்தகையோரை ஆண்டுதோறும் பரிசோதிப்பது நன்று.

சித்தூர்ச் சமவெளியின் நீர்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு முனையில் சித்தூர் தாலுகாவின் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி முதலிய ஊர்கள் உள்ளன. தமிழ் பேசும் உழவர் பலர் இங்கு வாழ்கின்றனர். கேரளத்தின் பிற பகுதிகளைப்போல் இங்கு மழை மிகுவதில்லை. கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியஸை எட்டும் நாள்களும் உண்டு. ஆழ்குழாய்க் கிணறுகளே பலருக்கு நீராதாரம். இப்பகுதியின் கிணறுகள் சிலவற்றில் புளோரைடு அளவுக்கு மேல் இருப்பது பல ஆய்வுகளிற் காணப்பட்டுள்ளது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடையாத இடத்து 1.5 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. அதற்கு மிகுந்தால் குழந்தைகளின் பற்களில் வெண்மையும் பழுப்புமான கறை படிகிறது. நெடுங்காலம் பருகினால் எலும்பும் மூட்டும் இறுகுகின்றன.

புளோரைடுக்கும் சிறுநீரகத்துக்கும் உள்ள தொடர்பைத் தெளிவாக அறிதல் வேண்டும். உடலிற் சேரும் புளோரைடை வெளியேற்றுவது பெரும்பாலும் சிறுநீரகமே. எனவே சிறுநீரகம் தளர்ந்தவரிடம் அது மேலும் மிகுதியாகத் தேங்கி, எலும்பை விரைவிற் கெடுக்கும். இது ஐயத்துக்கிடமற்றது. ஆனால் நீரிலுள்ள புளோரைடே சிறுநீரக நோயை உண்டாக்குகிறது என்று உறுதி கூறுமளவுக்குச் சான்றுகள் இல்லை.

இவ்விடத்தில் இலங்கையின் அனுபவம் நமக்குப் பயன்படும். 1990-களின் நடுப்பகுதி முதல், அந்நாட்டின் வட மத்திய மாகாணத்தில், குறிப்பாக அனுராதபுரம் மாவட்டத்து உழவரிடையே, நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாமலே சிறுநீரகங்கள் சுருங்குவதை மருத்துவர்கள் கண்டனர். ஆந்திரப் பிரதேசத்தில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தின் உத்தானம் பகுதியிலும், மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும் இத்தகைய நோய் பரவியுள்ளது. கடும் வெயிலில் நீரின்றி உழைத்தல், நிலத்தடி நீரின் கடினத்தன்மையும் புளோரைடும், வேளாண் இரசாயனங்கள் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டு வருகின்றன; எதுவும் இன்னும் முடிவாக நிலைநாட்டப்படவில்லை. தமிழ்நாட்டில் வேளாண் தொழிலாளரிடையே நிகழ்த்தப்பட்டு 2025-இல் வெளியான ஆய்வொன்றிலும், நோயுற்றவருள் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் வழக்கமான காரணம் எதுவும் காணப்படவில்லை.

இவ்வகை நோயில் சிறுநீரிற் புரதம் மிகக் குறைவாகவே வெளிப்படும். எனவே வெயிலில் உழைக்கும் உழவர் ஒருவரிடம் சிறுநீர்ச் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பதனால் மட்டும் அவர் நலமுடையவர் என்று முடிவு செய்தலாகாது. இரத்தத்தில் கிரியாட்டினினையும் பார்த்தாக வேண்டும்.

மலைத்தோட்டங்களும் மருந்துப் பழக்கமும்

இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களின் தேயிலைத் தோட்டங்களிலும், உடும்பன்சோலைத் தாலுகாவின் ஏலத்தோட்டங்களிலும் தமிழ்த் தொழிலாளர் தலைமுறைகளாக உழைத்து வருகின்றனர். சரிவில் நின்று நாள் முழுதும் வேலை செய்வோருக்கு முதுகுவலியும் மூட்டுவலியும் இயல்பே. ஒரு நாள் வேலையை விட்டால் கூலி போய்விடும். ஆதலால் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு மலையேறும் வழக்கம் எங்கும் உண்டு. டைக்குளோபினாக், இபுபுரூபன் முதலிய மாத்திரைகள் வலியைத் தணிக்கும்போதே சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தையும் குறைக்கின்றன. நலமுள்ளவர் சில நாள் உட்கொள்வதால் பெருந்தீங்கில்லை. மாதக்கணக்கில் உட்கொள்வோருக்கும், நீரிழிவும் கொதிப்பும் உடையோருக்கும், வயிற்றுப்போக்கால் உடல்நீர் வற்றியோருக்கும் அவை ஊறு செய்யும். இத்தகையோருக்கு மருத்துவர் கூறிய அளவில் பாரசிட்டமால் ஏற்றது.

'இயற்கையானது, ஆகவே தீங்கற்றது' என்னும் நம்பிக்கையும் ஆராயத்தக்கது. கேரளத்தில் இரும்பன் புளி எனப்படும் காயின் சாற்றைக் கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பிச் செறிவாகக் குடித்தவர்களின் சிறுநீரகங்கள், அதிலுள்ள ஆக்சலேட்டுப் படிகங்கள் அடைத்ததால் திடீரெனச் செயலிழந்ததை மருத்துவர்கள் 2013-இல் எடுத்துரைத்தனர். சிலருக்கு டயாலிசிஸ் செய்யவும் நேர்ந்தது. குழம்பில் இரண்டொரு காய் சேர்ப்பதில் தீங்கில்லை. சாறாகப் பிழிந்து பருகுவதிலேயே தீங்கு. மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில், தோலை வெளுப்பாக்கும் முகப்பூச்சுகளிலிருந்த பாதரசத்தால் சிறுநீரகச் சல்லடை கெட்டுப் புரதம் கசிந்த நோயாளிகளை 2021-க்கும் 2023-க்கும் இடையில் மருத்துவர்கள் கண்டனர். உற்பத்தியாளர் பெயரும் உட்பொருள் விவரமும் இல்லாத பூச்சு, சூரணம், பற்பம் எதனையும் ஐயத்துடனேயே நோக்க வேண்டும்.

அட்டப்பாடியின் பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் இரத்தசோகை காணப்படுகிறது. வளைந்த சிவப்பணுக்கள் சிறுநீரகத்தின் நுண்ணிய குழாய்களை அடைப்பதால், அந்நோயுடையோருக்கு இளமையிலேயே சிறுநீரகம் பழுதுறலாம். சிறுநீரில் இரத்தம் தோன்றுவதும், இரவிற் பன்முறை சிறுநீர் கழிப்பதும் அதன் அடையாளங்கள்.

விளைவுகள்

நோய் முற்றுகையில் தோன்றும் கேடுகளைச் சிறுநீரகத்தின் பணிகளோடு பொருத்திக் கண்டால் நினைவிற் கொள்ளுதல் எளிது.

நீரும் உப்பும் தேங்குவதால் காலையில் முகமும் மாலையில் காலும் வீங்குகின்றன. நுரையீரலில் நீர் கோத்தால் படுக்க இயலாது மூச்சு முட்டும். எரித்ரோபாய்ட்டின் குறைவதால் இரத்தசோகை உண்டாகிறது. இரும்புச்சத்து மாத்திரைக்கு இணங்காத இரத்தசோகையைக் கண்டால் சிறுநீரகத்தை நினைக்க வேண்டும். பாஸ்பரஸ் தேங்கியும், செயல்படும் வைட்டமின் டி குறைந்தும் எலும்பு வலுவிழக்கிறது. தோலில் அரிப்பு வருத்துகிறது. இரத்தக் குழாய்களில் சுண்ணம் படிகிறது. அமிலம் தேங்கித் தசை மெலிகிறது. கழிவுகள் மிகும்போது பசியின்மை, குமட்டல், வாயில் கெட்ட நாற்றம், மயக்கநிலை ஆகியவை வருகின்றன.

இவற்றுள் திடீர் மரணத்தை விளைவிக்கக்கூடியது பொட்டாசியம். அது மிகுந்தால் முன்னறிவிப்பின்றி இதயத் துடிப்பு நின்றுவிடலாம். இதய நோயே இந்நோயாளிகளின் உயிரைப் பெரும்பாலும் கவர்கிறது. பலர் டயாலிசிஸ் நிலையை அடையுமுன்பே மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் இறக்கின்றனர். ஆகவே இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதும் புகையிலையை விடுவதும் சிறுநீரகத்தோடு இதயத்தையும் காப்பனவாம்.

கண்டறியும் முறை

மூன்று சோதனைகள் போதும். முதலாவது, இரத்த அழுத்தம் பார்த்தல். இரண்டாவது, சிறுநீரிற் புரதம் காணும் சோதனைப் பட்டை. காலையில் கழிக்கும் சிறுநீர் இதற்கு ஏற்றது. மூன்றாவது, இரத்தத்தில் கிரியாட்டினின். நீரிழிவுடையோர், இரத்தக் கொதிப்புடையோர், அறுபது வயதைக் கடந்தோர், குடும்பத்திற் சிறுநீரக நோயுள்ளோர், கல் அடைப்பு உற்றோர், நெடுங்காலம் வலி மாத்திரை உண்போர், வெயிலில் உழைப்போர் ஆகியோரை ஆண்டுக்கொரு முறையேனும் சோதித்தல் வேண்டும்.

காய்ச்சல், கடும் உழைப்பு, மாதவிலக்கு, சிறுநீர்த் தொற்று ஆகியவற்றின்போது புரதம் தற்காலிகமாகத் தோன்றலாம். ஒரு முறை கண்டதைக் கொண்டு எவரையும் நோயாளி எனக் கூறி அச்சுறுத்தலாகாது. மீண்டும் சோதித்து, மூன்று மாதங்களுக்குப் பின்னும் நீடிக்கிறதா எனக் காண வேண்டும். சிறுநீர் நுரைத்து நெடுநேரம் நிற்பது, தேநீர் நிறத்தில் கழிவது, வீக்கம், மூச்சுத் திணறல், சிறுநீர் அளவு மிகக் குறைதல் ஆகியவை இருப்பின் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் அனுப்புதல் கடமை.

மருந்தும் உணவும்

இரத்த அழுத்தத்தை 130/80 அளவுக்குக் கீழும், சர்க்கரையை மருத்துவர் குறித்த அளவிலும் வைத்திருப்பதே சிகிச்சையின் அடிப்படை. எனலாப்ரில், லோசார்ட்டன் போன்ற மருந்துகள் அழுத்தத்தைத் தணிப்பதோடு, நெப்ரான் முடிச்சினுள் உள்ள மிகை அழுத்தத்தையும் தளர்த்திப் புரதக் கசிவைக் குறைக்கின்றன. மேலே கூறிய சுமைதூக்கிகளின் சுமையை இவை குறைக்கின்றன எனலாம். தொடங்கிய சில வாரங்களில் கிரியாட்டினின் சிறிது உயர்வது இயல்பு; 30 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தாலன்றி அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் பொட்டாசியத்தையும் கிரியாட்டினினையும் சோதித்தறிதல் இன்றியமையாதது. கருவுற்ற பெண்களுக்கு இம்மருந்துகள் ஆகா. கடும் வாந்தியோ வயிற்றுப்போக்கோ ஏற்பட்டால் மருத்துவரைக் கேட்டுத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும்.

நீரிழிவுக்கென வந்த டப்பாகிளிபுளோசின் போன்ற மருந்துகள் சிறுநீரகம் தேய்வதைத் தாமதப்படுத்துகின்றன என்பது 2019-க்குப் பின் வெளிவந்த பெரிய ஆய்வுகளால் உறுதியாயிற்று. நீரிழிவு இல்லாத நோயாளிகளுக்கும் இப்பயன் கிட்டுகிறது. 2020-இல் காப்புரிமை முடிந்தபின் இம்மருந்தை இந்திய நிறுவனங்கள் பலவும் செய்வதால் விலையும் குறைந்துள்ளது.

உணவில் முதலாவது உப்பு. நாளொன்றுக்கு 5 கிராமுக்கு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு, மேற்படலாகாது. சமையலிற் குறைத்துவிட்டு ஊறுகாய், பப்படம், கருவாடு, மோர் மிளகாய் ஆகியவற்றால் ஈடு செய்தால் பயனில்லை. 'சோடியம் குறைந்த உப்பு' எனக் கடைகளில் விற்பதில் பொட்டாசியம் கலந்திருப்பதால், சிறுநீரக நோயாளிகளுக்கு அது ஆபத்தானது. புரதத்தை அறவே விலக்குவது தவறு. உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் அளவு போதுமானது. டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு அதனினும் மிகுதியாக வேண்டும். பொட்டாசியம் உயர்ந்தவர்கள் இளநீர், வாழைப்பழம், பழச்சாறு ஆகியவற்றை விலக்கி, காய்களை நறுக்கி மிகுந்த நீரில் வேகவைத்து வடித்து உண்ணலாம்.

நீர் பருகுவதிலும் எல்லோருக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது. வெயிலில் உழைக்கும் உழவர் தாகத்துக்கு முன்னரே நீர் பருக வேண்டும். சிறுநீர் குறைந்து வீக்கமுற்ற நோயாளியோ அளந்து பருக வேண்டும். 'நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகம் சுத்தமாகும்' என்று கேட்டு, வீங்கிய நோயாளி குடம் குடமாய்க் குடித்து மூச்சுத் திணறுவதும் உண்டு.

டயாலிசிஸும் மாற்றுச் சிறுநீரகமும்

நெதர்லாந்து மருத்துவர் வில்லெம் கோல்ப் 1943-இல் அமைத்த இயந்திரமே இன்றைய டயாலிசிஸின் முன்னோடி. இரத்தத்தை ஒரு மெல்லிய சவ்வின் ஒரு புறமும், தூய கரைசலை மறுபுறமும் ஓடச் செய்தால் கழிவுகள் கரைசலுக்குள் சென்றுவிடும். பொதுவாக வாரத்தில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இதனைச் செய்ய வேண்டும். ஒரு முறைக்கு நூறு லிட்டருக்கு மேல் நீர் தேவை. அந்நீரில் புளோரைடு லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது. குடிநீருக்குரிய வரம்பினும் இது மிகக் குறைவு என்பதால், நீர்த் தூய்மிப்புக் கருவியின்றி டயாலிசிஸ் நிலையம் இயங்க இயலாது.

டயாலிசிஸ் தேவைப்படப் போகும் நோயாளிக்கு, பெரும்பாலும் இடக்கையில், தமனியையும் சிரையையும் இணைத்து வழி அமைப்பர். அக்கையின் நாளங்களை முன்கூட்டியே காத்தல் வேண்டும். நோய் முற்றியவரிடம் இரத்தம் எடுப்பதையும் குளுக்கோஸ் ஏற்றுவதையும் புறங்கையிலோ மறு கையிலோ செய்வதும், இணைப்பு அமைத்த கையில் இரத்த அழுத்தம் பார்க்காதிருப்பதும் களப்பணியாளர் அறிய வேண்டிய விதிகள். மஞ்சள்காமாலை பி தடுப்பூசியையும் காலத்தே போட வேண்டும்.

மலைவாழ் நோயாளிக்கு நோயினும் பெரிய இடர் தொலைவு. மூணாறிலிருந்து கோட்டயம் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். வாரத்தில் மூன்று நாள் சிகிச்சைக்கும் பயணத்துக்கும் கழிந்தால் கூலி வேலை எவ்வாறு நிலைக்கும்? உடன் செல்பவரும் தம் கூலியை இழக்கிறார். பயணத்துக்கு அஞ்சி வாரத்தில் ஒரு முறையாகக் குறைத்துக்கொள்வோர் நீர் கோத்தும் பொட்டாசியம் உயர்ந்தும் உயிரிழக்க நேரிடுகிறது. 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி தேசிய டயாலிசிஸ் திட்டத்தின் கீழ் மாவட்ட மருத்துவமனைகளில் ஏழைகளுக்கு இலவசச் சிகிச்சை அளிக்கப்படுகிறது. கேரளத்தில் தாலுகா மருத்துவமனைகள் பலவற்றிலும் டயாலிசிஸ் பிரிவுகள் உள்ளன. வயிற்றறையில் குழாய் பொருத்தி, கரைசலை ஏற்றி இறக்கி, வீட்டிலேயே நாள்தோறும் செய்துகொள்ளும் முறை ஒன்றும் உண்டு. தூய்மையான இடமும் கை கழுவும் ஒழுங்கும் இருப்பின், தொலைவில் வாழ்வோருக்கு அது பெரிதும் ஏற்றது.

மாற்றுச் சிறுநீரகமே இறுதி நிலை நோய்க்குச் சிறந்த சிகிச்சை. 1954-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் மர்ரே இரட்டையருக்கிடையே இதனை முதன்முதல் வெற்றியுடன் செய்தார். இந்தியாவில் 1971-இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இச்சிகிச்சை நடைபெற்றது. புதிய சிறுநீரகத்தை அடிவயிற்றில் பொருத்துவர். உடல் அதனைப் புறக்கணிக்காதிருக்க வாழ்நாள் முழுதும் மருந்து உண்ண வேண்டும். மூளைச்சாவு அடைந்தோர் உறுப்புகளைப் பகிர்ந்தளிக்கத் தமிழ்நாட்டில் 2008-இலும், கேரளத்தில் மிருதசஞ்சீவனி என்ற பெயரில் 2012-இலும் அரசு அமைப்புகள் தொடங்கப்பட்டன. உறுப்பை விற்பதும் வாங்குவதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கடனில் மூழ்கியவரை நாடித் தரகர்கள் வரக்கூடுமாதலின் இதனை ஊரார் அறிந்திருத்தல் நலம்.

நாம் செய்யத்தக்கவை

எல்லைப்புற ஊர்களில் நோயாளி ஒருவர் ஒருமுறை பாலக்காட்டிலும் மறுமுறை கோயம்புத்தூரிலும், ஒருமுறை கோட்டயத்திலும் மறுமுறை தேனியிலும் மருத்துவரைக் காண்பது வழக்கம். மருந்துச் சீட்டு ஆங்கிலத்திலும், அறிவுரைத் தாள் மலையாளத்திலும் இருக்க, வீட்டிலுள்ளோர் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவராயிருப்பர். இதனால் ஒரே மருந்தை இரு பெயரில் இருமுறை உண்பதும், நிறுத்தச் சொன்ன மாத்திரையைத் தொடர்வதும் நேர்கின்றன. களப்பணியாளர் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு குறிப்பேடு ஏற்படுத்தி, நாள், இரத்த அழுத்தம், எடை, கிரியாட்டினின், உண்ணும் மருந்துகள் ஆகியவற்றைத் தமிழில் எழுதி, எங்குச் சென்றாலும் எடுத்துச் செல்லுமாறு கூற வேண்டும். காப்பீட்டு அட்டை எந்த மாநிலத்தது, எந்த மருத்துவமனையிற் செல்லும் என்பதையும் நோய் முற்றுமுன்பே விசாரித்து எழுதி வைத்தல் நன்று.

ஆசிரியர்களின் பணியும் சிறிதன்று. காலையில் முகம் வீங்கி வரும் குழந்தை, தொண்டைப்புண்ணோ சொறிசிரங்கோ வந்த சில வாரங்களிற் சிறுநீர் சிவந்த குழந்தை, வயதுக்குரிய வளர்ச்சியின்றி வெளிறிய குழந்தை ஆகியோரை முதலில் காண்பவர் ஆசிரியரே. கழிப்பறை தூய்மையற்றிருப்பதால் நாள் முழுதும் நீர் பருகாமலும் சிறுநீரை அடக்கியும் இருக்கும் மாணவியர்க்குத் தொற்று எளிதில் வரும். ஆகவே தூய கழிப்பறையும் குடிநீரும் சிறுநீரகப் பாதுகாப்பின் முதற்படியாம். பற்களிற் கறையுள்ள குழந்தைகள் ஒரே தெருவிற் பலர் இருப்பின், அத்தெருவின் கிணற்று நீரைச் சோதனைக்கு அனுப்புமாறு ஊராட்சிக்கு எழுதலாம்.

கிரியாட்டினின் 1.6 என்று காட்டும் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு, 'எனக்கு ஒன்றும் வலியில்லையே' என்று கூறும் உழவரிடம் நாம் சொல்ல வேண்டியது இதுவே: வலியில்லாத இந்நாளிற்றான் சிகிச்சைக்குப் பயன் மிகுதி. இன்று உண்ணும் மாத்திரையும் குறைக்கும் உப்பும் அவருக்கு டயாலிசிஸ் இன்றிப் பல ஆண்டுகளைத் தரக்கூடும். நோயைக் கண்டு மூன்று மாதத்திற்குள் அவரை மீண்டும் ஒருமுறை சோதித்து, குறிப்பேட்டில் அவ்வெண்ணை எழுதிவிட்டால் நம் பணியின் முதற்பகுதி நிறைவேறியதாகும்.